மொத்தத்தில் ஒன்று, பிரித்துப் பார்த்தால் வேறொன்று

சிறுநீரகக் கல்லை எடுக்க எது நல்ல வழி? லண்டன் மருத்துவர்கள் சிலர் 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. பழைய வழியில் விலாவை ஒட்டிப் பெரிதாகக் கீறி, சிறுநீரகத்தைத் திறந்து கல்லை எடுப்பார்கள். அப்போது புதிதாக வந்திருந்த வழியில் முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு, அதன் வழியே குழாய்க் கருவியை நுழைத்து, கல்லை உடைத்தோ முழுசாகவோ வெளியே எடுப்பார்கள். இரண்டு வழியிலும் தலா 350 பேருடைய சிகிச்சைக் குறிப்புகளை அந்த மருத்துவர்கள் ஒப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கல் அறவே இல்லாமல் போயிருந்தாலோ, 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த துணுக்காக எஞ்சியிருந்தாலோ சிகிச்சை வெற்றி என்று கணக்கு.

கீறி எடுத்த 350 பேரில் 273 பேருக்கு வெற்றி. அதாவது 78 சதவீதம். துளை போட்டு எடுத்த 350 பேரில் 289 பேருக்கு வெற்றி. அது 83 சதவீதம். புதிய வழிதான் மேல் என்று இதைப் பார்க்கும் யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அதே நோயாளிகளைக் கல்லின் அளவைக் கொண்டு இரண்டாகப் பிரித்தால் கதை மாறுகிறது. கல் 2 சென்டிமீட்டருக்கும் சிறிதாக இருந்தவர்களில், கீறி எடுத்த 87 பேரில் 81 பேருக்கு வெற்றி; 93 சதவீதம். துளை போட்டதில் 270க்கு 234, 87 சதவீதம். சின்னக் கல்லுக்குப் பழைய வழிதான் முன்னால் நிற்கிறது. சரி, பெரிய கல்லிலாவது புதிய வழி ஜெயித்திருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. பெரிய கல்லில் பழைய வழிக்கு 263க்கு 192, 73 சதவீதம். புதிய வழிக்கு 80க்கு 55, 69 சதவீதம்.

சின்னக் கல்லிலும் பழைய வழி மேல், பெரிய கல்லிலும் பழைய வழி மேல். இரண்டையும் கூட்டினால் மட்டும் புதிய வழி மேல்! எந்த எண்ணும் பொய்யில்லை, கூட்டலிலும் பிழையில்லை.

எங்கே புரள்கிறது கணக்கு?

விடை வெற்றி சதவீதத்தில் இல்லை, யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்பதில் இருக்கிறது. கீறி எடுத்த 350 பேரில் 263 பேருக்குப் பெரிய கல். துளை போட்ட 350 பேரில் 270 பேருக்குச் சின்னக் கல். எந்த முறையில் எடுத்தாலும் சின்னக் கல் எளிதில் வந்துவிடும், பெரிய கல் பாடாய்ப் படுத்தும். ஆக, பழைய வழியின் பங்குக்குப் பெரும்பாலும் கடினமான நோயாளிகள் வந்தார்கள். புதிய வழிக்கு எளிதானவர்கள் வந்தார்கள். மொத்த சதவீதம் சிகிச்சையின் திறமையை மட்டும் காட்டவில்லை. வந்து சேர்ந்த நோயாளிகளின் கலவையையும் சேர்த்தே காட்டிவிட்டது.

இரண்டு வழிக்கும் ஒரே கலவையான நோயாளிகள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கணக்கிடலாம். மொத்தம் 700 பேரில் 357 பேருக்குச் சின்னக் கல், 343 பேருக்குப் பெரிய கல். இந்த 700 பேரையும் பழைய வழிக்கு அனுப்பி, அதன் வெற்றி விகிதங்களை அப்படியே பொருத்தினால் 83 சதவீதம் வருகிறது. அதே 700 பேரைப் புதிய வழிக்கு அனுப்பினால் 78 சதவீதம். முதலில் பார்த்த அதே இரண்டு எண்கள்தான், இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு பழைய அறுவை சிகிச்சைக்கே திரும்ப வேண்டும் என்று யாரும் முடிவுகட்டவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள வித்தியாசம் சிறியது, தற்செயலாகவும் வந்திருக்கலாம். பழைய வழியின் குறிப்புகள் 1970களையும், புதிய வழியின் குறிப்புகள் 1980களையும் சேர்ந்தவை. இடையில் வேறு பலவும் மாறியிருக்கும். பெரிய கீறல் இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் துளைவழிச் சிகிச்சையின் தனி லாபங்கள். இன்று பெரிய கற்களுக்கு அதுவே வழக்கமான சிகிச்சை. கீறித் திறப்பது மிக அரிதாகிவிட்டது. ஆனால் '83 பெரிது, 78 சிறிது, ஆகவே புதியது மேல்' என்ற வாதம் மட்டும் நிற்காது. 1994இல் அதே இதழில் இந்த எண்களை எடுத்து அலசிய ஸ்டீவன் ஜூலியஸ், மார்க் முல்லி என்ற இரு புள்ளியியலாளர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான். அதற்குப் பின் உலகெங்கும் புள்ளியியல் வகுப்புகளில் இந்தச் சிறுநீரகக் கல் கணக்கு நிலையான பாடமாகிவிட்டது.

பெயர் வந்த கதை

ஒப்பீட்டை இப்படித் தலைகீழாக்கும் விந்தைக்குச் 'சிம்சன் முரண்பாடு' என்று பெயர். எட்வர்ட் சிம்சன் என்ற பிரிட்டிஷ்காரர் இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியில் இருந்தவர். போர் முடிந்த பின் 1951இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1972இல் காலின் பிளித் என்ற கணிதவியலாளர் அவர் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார். உண்மையில் சிம்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே கார்ல் பியர்சனும் உட்னி யூலும் இதைத் தொட்டிருந்தார்கள்.

1934இல் மோரிஸ் கோகன், எர்னஸ்ட் நேகல் என்ற இரு தத்துவ ஆசிரியர்கள் தங்கள் தர்க்கவியல் பாடநூலில் ஓர் அசல் கணக்கையே கேள்வியாகக் கொடுத்திருந்தார்கள். 1910இல் காசநோயால் இறந்தவர்கள் நியூயார்க் நகரில் லட்சத்துக்குச் சுமார் 187 பேர், ரிச்மண்ட் நகரில் சுமார் 226 பேர். நியூயார்க் நிலைமை தேவலை என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால், வெள்ளையரில் நியூயார்க்கில் 179, ரிச்மண்டில் 162. கறுப்பினத்தவரில் நியூயார்க்கில் 560, ரிச்மண்டில் 332. இரு பிரிவிலும் நியூயார்க்தான் மோசம். ரிச்மண்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர்; நியூயார்க்கில் அன்று நூற்றுக்கு இரண்டு பேர்தான். வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் பாகுபாடும் சேர்ந்து காசநோய்க்கு இரையாக்கிய மக்கள் எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊரின் மொத்தக் கணக்கு ஏறிவிட்டது.

புகைத்தால் ஆயுள் கூடுமா?

மறைந்திருந்து கணக்கைப் புரட்டுவதில் வயதுக்கு நிகரான காரணி இல்லை. இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகில் விக்கம் என்ற வட்டாரம் இருக்கிறது. 1972 முதல் 1974 வரை அங்கே தைராய்டு, இதய நோய் பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. இருபது ஆண்டு கழித்து, அதில் கலந்துகொண்டவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மறுபடி பார்த்தார்கள்.

பெண்களின் கணக்கு வியப்பூட்டியது. முதல் ஆய்வின்போது புகைபிடித்துக்கொண்டிருந்த 582 பெண்களில் 139 பேர் இறந்திருந்தார்கள், 24 சதவீதம். ஒருபோதும் புகைக்காத 732 பெண்களில் 230 பேர் இறந்திருந்தார்கள், 31 சதவீதம். சிகரெட் கம்பெனிக்காரர் கையில் கிடைத்தால் விளம்பரமே போட்டுவிடலாம்.

65 வயதில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் சாயம் வெளுத்துவிடுகிறது. தொடக்கத்தில் 65 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில், புகைத்த 533 பேரில் 97 பேர் இறந்தார்கள், 18 சதவீதம். புகைக்காத 539 பேரில் 65 பேர், 12 சதவீதம். 65ஐத் தாண்டியவர்களில் இரு தரப்பிலும் இறப்பு ஏறக்குறைய 86 சதவீதம். அந்த வயதினர் இருபது ஆண்டு கழித்து உயிரோடிருப்பது புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அரிதுதானே. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே, 55 முதல் 64 வரையிலான வயதில் புகைத்தவர்களில் 44 சதவீதம் பேரும், புகைக்காதவர்களில் 33 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள்.

மொத்தக் கணக்கு ஏன் புரண்டது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆங்கிலேயப் பெண்களிடம் சிகரெட் பழக்கம் குறைவு. அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைப் பெண்களிடம்தான் அது பரவியது. அதனால் 1970களின் விக்கத்தில் 'புகைக்காதவர்' பட்டியலில் 193 மூதாட்டிகள் இருந்தார்கள். 'புகைப்பவர்' பட்டியலில் 49 பேர்தான். புகைத்து வந்த சிலர் அந்த வயதை எட்டாமலே போயிருக்கவும் கூடும். புகைக்காதவர்கள் அதிகம் இறந்ததாகத் தெரிந்ததற்கு முதல் காரணம் அவர்களுடைய முதுமை.

கேரளமும் பீகாரும்

இது சீமைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் நாட்டு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கிலேயே இது நடக்கிறது. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறை 2020ஆம் ஆண்டுக்குக் கொடுத்த இறப்பு விகிதங்களைப் பாருங்கள். ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0, தமிழ்நாட்டில் 6.1, பீகாரில் 5.4. இந்த மூன்று எண்களை மட்டும் ஒருவரிடம் காட்டி, நோயில்லாமல் வாழ எந்த மாநிலத்துக்குப் போகலாம் என்று கேட்டால், பீகாரைத்தான் கைகாட்டுவார்.

அதே ஆண்டின் சிசு மரண விகிதம் நேர்மாறாகப் பேசுகிறது. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, பீகாரில் 27. பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுட்காலமும் கேரளத்தில் பல ஆண்டுகள் அதிகம்.

இந்த முரணின் முடிச்சை அவிழ்ப்பது மறுபடியும் வயதுதான். 2021க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி கேரளத்தில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். பீகாரில் 7.7 சதவீதம்தான். நீண்ட காலம் வாழும் மக்களும் குறைவாகப் பிள்ளை பெறும் குடும்பங்களும் உள்ள மாநிலத்தில் முதியோர் பங்கு கூடுகிறது; ஓராண்டில் நிகழும் மரணங்களும் கூடுகின்றன. நல்ல மருத்துவ வசதி தந்த பலனே, மொத்த விகிதத்தில் குறைபோலத் தோற்றம் காட்டுகிறது. இதனால்தான் மக்கள்தொகை ஆய்வாளர்கள் வயதுவாரி இறப்பு விகிதம் இல்லாமல் மாநிலங்களையோ நாடுகளையோ ஒப்பிடுவதில்லை.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா கணக்கிலும் இதே விஷயம் நடந்தது. தொற்று உறுதியானவர்களில் இறந்தவர்கள் சீனாவின் முதல் பெரிய அறிக்கையில் 2.3 சதவீதம். இத்தாலியில் மார்ச் தொடக்கத்திலேயே அது 4 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் வயதுவாரியாகப் பிரித்த ஆய்வாளர்கள், அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவைவிடக் குறைவு அல்லது சமம் என்று கண்டார்கள். இத்தாலியில் தொற்று உறுதியானவர்களில் முதியவர்களே மிகுதி.

தடுப்பூசி போட்டவர்களே அதிகமா?

2021 ஆகஸ்ட் மாதம் இஸ்ரேலில் இருந்து வந்த செய்தி உலகெங்கும் பலரைக் குழப்பியது. ஆகஸ்ட் 15 நிலவரப்படி கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்த 515 பேரில் 301 பேர், அதாவது 58 சதவீதம் பேர், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். 'பார்த்தீர்களா, ஊசி போட்டும் பயனில்லை' என்று சமூக ஊடகங்கள் கிளம்பிவிட்டன.

இதில் இரண்டு அடுக்குச் சிக்கல் இருந்தது. முதல் அடுக்கு எளிது. தடுப்பூசி போட்டவர்கள் 56 லட்சம் பேர், போடாதவர்கள் 13 லட்சம் பேர்தான். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால், போடாதவர்களில் 16.4, போட்டவர்களில் 5.3. கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு சுமார் 67 சதவீதம் என்று இது காட்டியது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் முன்பு எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உயிர்ப்புள்ளியியல் பேராசிரியர் ஜெஃப்ரி மோரிஸ் அடுத்த அடுக்கைத் திறந்து காட்டினார். 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை மட்டும் பார்த்தால், லட்சம் பேருக்குக் கடும் நோய் ஊசி போடாதவர்களில் 3.9, போட்டவர்களில் 0.3. பாதுகாப்பு 92 சதவீதம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் போடாதவர்களில் 91.9, போட்டவர்களில் 13.6. பாதுகாப்பு 85 சதவீதம். இளையோருக்கு 92, மூத்தோருக்கு 85. ஆனால் இருவரையும் கூட்டினால் 67! இரண்டு எண்களின் சராசரி அந்த இரண்டுக்கும் நடுவில்தானே விழ வேண்டும் என்று நம் மனம் அடம்பிடிக்கிறது. இங்கே விழவில்லை. முதியவர்கள் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். ஊசி போடாத நிலையில்கூட இளையவருக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு முதியவரைவிட இருபது மடங்குக்கு மேல் குறைவு. இளமை தந்த பாதுகாப்பு, ஊசி போடாதவர்களின் கணக்கில் வரவாகிவிட்டது.

எந்த மருத்துவமனை நல்லது?

நோயாளியின் குடும்பத்துக்கு இந்த முரண்பாடு நேரடியாக வந்து மோதும் இடம் இதுதான். 1986இல் அமெரிக்க அரசு, முதியோர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பு விகிதத்தை வைத்து மருத்துவமனைகளைப் பட்டியலிட்டது. இறப்பு விகிதத்தில் முதலிடம் பிடித்த இடம் எது தெரியுமா? வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவர்களின் வலி தணித்துப் பராமரிக்கும் இல்லம். அங்கே போகிறவர்கள் பிழைத்து வருவதற்காகப் போவதில்லை.

அந்த அடியிலிருந்து பாடம் கற்றவர்கள், நோயாளியின் வயது, இதயத்தின் நிலை, நீரிழிவு, முன்பு செய்த அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து இறப்பு விகிதத்தைத் திருத்தத் தொடங்கினார்கள். நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சைக்கு இப்படித் தகவல் திரட்டி வெளியிட்டது. 1992க்குள் திருத்திய இறப்பு விகிதம் 4.17 சதவீதத்திலிருந்து 2.45 சதவீதமாக இறங்கியது. பலர் இதைப் பெரிய சாதனை என்றார்கள். பட்டியலில் பெயர் கெடாமலிருக்க அபாயமான நோயாளிகளைத் தவிர்த்ததும் ஒரு காரணமோ என்று வேறு சிலர் கேட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. இதே போன்ற அறிக்கை வெளியிட்ட பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு 1996இல் வெளியானது. அதில் 63 சதவீத அறுவை சிகிச்சை நிபுணர்கள், நிலைமை மோசமான நோயாளிகளுக்கு அறுவை செய்ய முன்பைவிடத் தயங்குவதாக ஒப்புக்கொண்டார்கள். மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் பள்ளிகளை நாம் அறியாதவர்களா?

நம் ஊரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தனியார் மருத்துவமனையிலும் கைமீறிப்போன பிரசவங்களும் விபத்துக் காயங்களும் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வந்து சேர்கின்றன. அங்கே நிகழும் மரணமும் அதன் கணக்கில்தான் விழும். 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க மாட்டார்கள்' என்ற ஊர்ப் பேச்சுக்குப் பின்னால், யார் எந்த நிலையில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது.

பிரிப்பதும் சில நேரம் தவறு

இவ்வளவையும் படித்தவர், 'அப்படியானால் எந்தக் கணக்கையும் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்' என்ற முடிவுக்கு வரலாம். சிம்சன் 1951இலேயே அதை மறுத்துவிட்டார். அவர் ஒரே எண்களை வைத்து இரண்டு கதை சொன்னார். ஒன்றில் நோயாளிகள் ஆண், பெண் என்று பிரிகிறார்கள்; தனித்தனியே பார்த்தால் சிகிச்சை இருவருக்கும் பலன் தருகிறது, சேர்த்தால் பலன் மறைகிறது. அங்கே பிரித்துப் பார்ப்பதே அறிவு. மற்றதில் ஒரு குழந்தை சீட்டுக்கட்டை எடுத்து விளையாடிச் சில சீட்டுகளை அழுக்காக்கிவிடுகிறது. அழுக்கான சீட்டு, சுத்தமான சீட்டு என்று பிரித்தால், படச் சீட்டுகளுக்கும் நிறத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறது. சீட்டுக்கட்டில் அப்படி ஒன்றுமே இல்லை என்பது நமக்குத் தெரியும். அங்கே சேர்த்துப் பார்ப்பதே சரி. எண்கள் ஒன்றுதான்; எதை நம்புவது என்பதை அவற்றின் பின்னால் உள்ள நடப்புதான் தீர்மானிக்கிறது.

மருத்துவத்தில் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு, குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகள். 1971இல் கலிபோர்னியாவின் ஜேக்கப் யெருஷால்மி, 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் பார்த்தபோது, புகைக்கும் தாய்க்குப் பிறந்தவை குறைவாகவே இறந்ததைக் கண்டார். அம்மா புகைப்பது குழந்தைக்கு நல்லதா என்ன? 1991இல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் தரவிலும் இது தெரிந்தது. மொத்தத்தில் புகைக்கும் தாயின் குழந்தைக்கு இறப்பு அபாயம் 1.55 மடங்கு. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்தால் 0.79 மடங்கு.

இங்கே பொய் சொல்வது பிரித்த கணக்கு. தாய் புகைப்பது குழந்தையின் எடையைக் குறைக்கிறது. பிறவிக் குறைபாடு போன்ற வேறு கடுமையான காரணங்களும் எடையைக் குறைக்கின்றன. புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அதற்குப் பின்னால் அந்தக் கடுமையான காரணங்களில் ஒன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே எடை குறைந்தவர்களை மட்டும் தனியே எடுப்பது, புகையின் கேட்டை வேறு நோய்களின் கேட்டோடு ஒப்பிடுவதாக ஆகிவிடுகிறது. சிறுநீரகக் கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது. அதைக் கொண்டு பிரிக்கலாம். குழந்தையின் எடை புகையினால் விளைந்தது. அதைக் கொண்டு பிரிக்கக் கூடாது. எது முன், எது பின் என்று தெரியாமல் கணக்குப் பிள்ளையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. நோயை அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குலுக்கல் போட்டால் தெரியும்

வயதும் கல்லின் அளவும் கண்ணுக்குத் தெரிந்த காரணிகள். யாருமே குறித்து வைக்காத காரணி இருந்தால்? அதற்கு மருத்துவம் கண்டுபிடித்த தற்காப்பு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் நோயாளியும் தேர்ந்தெடுக்காமல் குலுக்கலுக்கு விட்டுவிடுவது. ஆள்கள் போதுமான அளவு இருந்தால், தெரிந்த காரணிகளும் தெரியாதவையும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு வழிகாட்டியது. மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் இடம் உண்டு. காசநோயாளி ஊருக்கு வெளியே சானடோரியத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவோடு மாதக்கணக்கில் இருந்தால்தான் பிழைப்பார் என்று அன்று நம்பினார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்து ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தன. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குலுக்கல் இல்லாமல், படுக்கை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால், வசதியும் நோயின் கடுமையும் குறுக்கே புகுந்து எதையும் தெளிவாகச் சொல்ல முடிந்திருக்காது. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த மையம்தான் சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குலுக்கலுக்கு முன் எடுத்த முடிவு எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை சாட்சி. அமெரிக்கச் செவிலியரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தது. மருத்துவர்கள் லட்சக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களைக் குலுக்கலில் பிரித்து நடத்திய ஆய்வை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஹார்மோன் பெற்றவர்களுக்கு இதய நோய் 29 சதவீதம் அதிகமாக இருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியது. தாமாக விரும்பி மாத்திரை எடுத்த பெண்கள் பொதுவாக வசதியானவர்கள், அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவர்கள், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பது ஒரு காரணம். எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் விளைவை மாற்றியதாகப் பின்னர் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட முடியாது. யாரையும் இருபது ஆண்டு புகைக்கச் சொல்ல முடியாது. மாநிலங்களுக்கு முதியவர்களைப் பங்கிட்டுக் கொடுக்கவும் முடியாது. ஆகவே இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் செய்தியைப் படிக்கும்போது, வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இரு பக்கமும் இருப்பவர்கள் ஒரே வயது, ஒரே நிலை உடையவர்களா? யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? பிரித்துக் காட்டியிருந்தால், பிரித்த காரணி சிகிச்சைக்கு முன்பே இருந்ததா, அதனால் விளைந்ததா?

செய்தி ஊடகங்களும் சுகாதாரத் துறையும் செய்யக்கூடியது இன்னும் எளிது. மாதிரிப் பதிவு முறையின் விரிவான ஆண்டறிக்கையில் வயதுவாரி இறப்பு விகிதங்களும் இருக்கின்றன. மாநிலங்களை ஒப்பிடும்போது மொத்த எண்ணோடு அவற்றையும் சேர்த்து அச்சிட வேண்டும். மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கை வெளியிடும்போது, வந்து சேர்ந்த நோயாளிகளின் வயதையும் நோயின் கடுமையையும், வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கூடவே தர வேண்டும்.